ஊரெல்லாம் பார்த்த நீச்சல்

அவர் நீந்தியதைப் பார்க்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. அப்படித்தான் ஊர் சொல்லும். பல் வைத்தியர் பார்த்திருக்கிறார். வாடகைக் கார் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் பார்த்திருக்கிறார். பேக்கரிக்காரர் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். கணக்குப் போட்டால் அப்போது அவர் பிறந்தே இருக்க முடியாது. ஆனால் ரொட்டி வாங்கப் போன இடத்தில் யார் கணக்குப் போடுவார்கள்? ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கிய மனிதரைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. பாவம், அந்த உரிமை இல்லாத ஒரே ஜீவன் அவருடைய மனைவிதான்.

அவளை ஊர் டிக்கெட்டக்கா என்று கூப்பிடும். நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். குளத்துக்கு அவள் வீட்டுக்காரர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மேலே பெரிய பெரிய எழுத்துகள். ஓர் எழுத்தின் கால் மட்டும் காற்றில் பிய்ந்து போனது, திருப்பி ஒட்ட யாருக்கும் நேரமில்லை. அந்தப் பெயருக்கு நேர் கீழே ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு சுழல் நாற்காலி, ஒரு மேஜை விசிறி, டிக்கெட் கட்டு, நடுவில் அவள். எதிரில் உள்ள கண்ணாடி முழுக்க அறிவிப்புகள். குளித்துவிட்டு இறங்கவும், தொப்பி கட்டாயம், ஓடக் கூடாது, அறுபது வயது தாண்டியவர்களுக்கு அரை டிக்கெட். ஆகவே வெளியே நிற்பவரின் முகம் அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அடியிலிருக்கும் ஓட்டையில் நுழையும் கை மட்டும்தான் தெரியும். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

"என்ன டீச்சர், மோதிரத்தக் காணோம்? வீட்டுலயே கழட்டி வச்சுட்டீங்களா? போன தடவ ஆளாளுக்கு முங்கித் தேடினது ஞாபகம் இருக்குல்ல?" என்பாள். வெளியே டீச்சர் சிரிப்பது கேட்கும்.

குளம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. தண்ணீரின் சத்தமும் பயிற்சியாளரின் கத்தலும்தான் அவளுக்கு எட்டும். "கொடியப் பாருடா! கொடி வந்ததும் எண்ணு!" என்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்துவார். மல்லாந்து நீந்துகிறவர்களுக்கான பாடம் அது. மல்லாந்து போகிறவனுக்குச் சுவர் எங்கே வருகிறதென்று தெரியாது. மேலே கூரைதான் தெரியும். அதனால் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்கு மேலே குறுக்காகக் கொடிக் கயிறு கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேலே தாண்டியதும் இத்தனை கை போட்டால் சுவர் என்று அவனவனுக்கு ஒரு கணக்கு உண்டு. கணக்குத் தப்பினால் மண்டை உடையும். இதெல்லாம் டிக்கெட்டக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் வீட்டுக்காரரும் மல்லாந்து நீந்தியவர்தானே.

"மல்லாக்கப் படுத்துக்கிட்டே மெடல் வாங்கின ஒரே ஆளு" என்று ஊர் அவரைக் கிண்டல் செய்யும். பெருமையில் செய்கிற கிண்டல் அது.

அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா குடிநீர்த் தேக்கத்தில் காவலாளி. யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வைத்துக் காவல் காத்தார் அப்பா; அந்தப் பலகைக்குப் பின்னாலேயே இறங்கி நீந்தக் கற்றுக்கொண்டான் பிள்ளை. கரையில் இன்ஜினியர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டியிருந்ததால் மல்லாந்தே பழகிவிட்டான். சத்தமும் வராது, கண்ணும் கரையில் இருக்கும். ஊரே அவன் குளித்த தண்ணீரைத்தான் குடித்தது என்ற விஷயம் மெடல் வந்த பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் வந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். வந்தது பின்னால் என்பதால் பெருமையாகப் போய்விட்டது.

ஒலிம்பிக்கில் கடைசிச் சுற்றுக்குத் தத்தித் தாவித்தான் போய்ச் சேர்ந்தார். அப்படிப் போகிறவர்களுக்கு ஓரத்து லேன்தான் கொடுப்பார்கள். அந்த ஓரத்தில் வந்துகொண்டிருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. கையைச் சுவரில் அடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் பலகையில் மூன்றாவது பெயர் இவருடையது. அடித்த வேகத்தில் நடுவிரல் உடைந்தது. அது கோணலாகவே கூடிவிட்டது. பதக்கத்தைக் காட்டச் சொல்கிறவர்களைவிட அந்த விரலைக் காட்டச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

திரும்பி வந்தபோது லாரி மேலே ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். தேக்கத்தின் கரையில் ஊரே கூடி நிற்க அவர் நீந்திக் காட்டினார், ஒரு தடவையல்ல, பல தடவை. அடுத்த ஒலிம்பிக்குக்கு ஆள் எடுத்தபோது புதுப் பையன்கள் அவரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குக் கரையேறித் தலையைத் துவட்டியவர்தான். அப்புறம் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஒரு பாங்க் அவரைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தது. வேலை என்று பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. கணக்குத் தொடங்க வந்தவர்கள் அவரோடு கை குலுக்கிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் கல்யாணம். டிக்கெட்டக்கா வெளியூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரேடியோவில் அந்தப் போட்டியைக் கேட்டவள். முதலாவதாக வந்தவனைப் பற்றியே மூச்சு விடாமல் பேசித் தீர்த்த அறிவிப்பாளர், கடைசியில் போகிற போக்கில் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்க்காரனுக்கே வாழ்க்கைப்படப் போகிறாள் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணம் முடிவானபோது அவள் கால் தரையில் பாவவில்லை. "உனக்கென்னடி, ஒலிம்பிக்காரர் வீட்டு மருமக" என்று தோழிகள் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

வந்த புதிதிலேயே கேட்டுவிட்டாள்.

"என்னங்க, எனக்கு ஒரு தடவ நீந்திக் காட்டுங்களேன்."

"ஆகட்டும்" என்றார் அவர்.

அவருடைய 'ஆகட்டும்' என்ன விலை என்று அவளுக்குப் போகப் போகத்தான் புரிந்தது. கூரை ஒழுகுது பாருங்க என்றால் ஆகட்டும். பொண்ணு ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டிருக்காங்க என்றால் ஆகட்டும். கூரையையும் பள்ளிக்கூடத்தையும் அவள் பார்த்துக்கொண்டாள். நீச்சலை அவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள்?

சினிமா கொட்டகையில் அந்தப் போட்டியின் செய்திப்படம் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஓடினாள். "அடடா, ஓட்டி ஓட்டிக் கிழிஞ்சே போச்சும்மா, போன வாரம்தான் திருப்பி அனுப்பினோம்" என்றார் ஆப்பரேட்டர். எத்தனையோ வருடம் கழித்து மகள் தன் போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கேமரா நடு லேன்களை விட்டு நகரவே இல்லை. ஓரத்து லேன் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெள்ளையாகத் தண்ணீர் தெறித்தது, அவ்வளவுதான்.

"அந்தத் தெறிக்குது பாரு, அதான்மா அப்பா" என்றாள் மகள்.

டிக்கெட்டக்கா அந்தத் தெறிப்பைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தாள். மகள் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போனபோது போனும் அவளோடு போயிற்று.

குளம் கட்டித் திறந்த நாள் வந்தது. முதல் ஆளாக அவர்தான் இறங்க வேண்டும் என்று ஓரத்து லேனைக் காலியாக வைத்திருந்தார்கள். டிக்கெட்டக்கா நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவர் கோட்டு சூட்டோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிக் கூட்டத்தின் மேல் தெளித்தார். ஊர் கை தட்டியது. அவள் முகத்திலும் இரண்டு சொட்டு விழுந்தது. துடைக்காமல் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் இறங்காத லேனில் மறுநாள் இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது. எவ்வளவு கூட்டம் முட்டி மோதினாலும் ஓரத்து லேன் காலியாகவே கிடக்கும். புதிதாக யாராவது தெரியாமல் இறங்கிவிட்டால் எல்லோருமாகச் சேர்ந்து, "ஹலோ, அது மெடல்காரர் லேனு!" என்று ஏற்றிவிடுவார்கள். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் அந்த லேனின் கயிற்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

டிக்கெட் ஜன்னலுக்கு ஆள் தேவை என்றதும் அவளே போய் நின்றாள். மெடல்காரர் சம்சாரத்துக்கு இந்த வேலை எதற்கு என்று நகராட்சி ஆபீசில் கேட்டார்கள். "வீட்டுல சும்மா உக்காந்திருக்கப் பிடிக்கல" என்றாள். உண்மை அதுவல்ல. தான் இங்கே உட்கார்ந்திருந்தால், சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுக்கிற சாக்கிலாவது அவர் வருவார், வந்த மனிதர் என்றைக்காவது ஒரு நாள் தண்ணீர் வாசனைக்கு உள்ளே போவார் என்று ஆசை. டப்பா தவறாமல் வந்தது. ஓட்டை வழியாக அந்தக் கோணல் விரல் டப்பாவைத் தள்ளும். "சூடா இருக்கு, பாத்து" என்று குரல் வரும். அப்புறம் காலடிச் சத்தம் தெருப் பக்கமாகப் போகும். கதவுப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை.

டிக்கெட் வாங்க வருகிற வயசாளிகளை அவள் விடமாட்டாள். "நீங்க பாத்தீங்கல்ல? கை எப்படிப் போகும்? உசரத் தூக்குவாரா, பக்கவாட்டுல போடுவாரா?" என்று கிண்டிக் கிளறிக் கேட்பாள். "கையா? தண்ணிக்கு நோகக் கூடாதுன்னு வைக்கிற மாதிரி வைப்பாரு" என்பார் ஒருவர். "சும்மாவா, சத்தமே வராது" என்பார் இன்னொருவர். "எங்க அப்பா தோள் மேல உக்காந்து பாத்தேங்க்கா, புல்லரிச்சுப் போச்சு" என்பார் பேக்கரிக்காரர். புருஷன் பெருமையைக் கேட்பதில் அக்காவுக்கு எவ்வளவு ஆசை பார் என்று ஊர் சிரித்தது. அது பெருமை இல்லை, ஐயா. பசி. பந்தியில் எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தன்னை மட்டும் விட்டுவிட்ட பசி.

இப்படியே இருந்திருக்கும். அவருடைய இடுப்பு மட்டும் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால்.

முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை. அப்புறம் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. பாங்கிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் பஸ்ஸில் முதியவர் சலுகை கேட்கமாட்டார். "முழு டிக்கெட்டே குடுங்க" என்பார் விறைப்பாக. அப்படிப்பட்ட மனிதர் கட்டிலிலிருந்து எழ அவள் தோளைப் பிடித்தார். எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணில எறங்கணும் சார். தினமும் நீந்தணும். வேற மருந்து இல்ல. இல்லன்னா இது இறுகிட்டே போகும், அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் போயி நான் தண்ணியப் பத்திச் சொல்றேன் பாருங்க! எங்க மாமனார் சொல்லிட்டே இருப்பாரு, உங்கள அந்தத் தேக்கத்துல பாத்தாராம்" என்றார்.

"ஆகட்டும்" என்றார் அவர்.

டிக்கெட்டக்கா பொறுத்துப் பார்த்தாள். நாட்கள் போயின. அவர் நகர்வதாக இல்லை. ஒரு காலை, சட்டைக்குள் கையை நுழைக்க அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறுமை எல்லை தாண்டிவிட்டது.

"உங்க பேரு போட்ட குளம், உங்களுக்குன்னு விட்டு வச்ச லேனு. போயி எறங்கினா என்ன கொறஞ்சு போயிடும்?"

அவர் சட்டையை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. இந்த ஊர்ல ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒருத்தன் நீந்திட்டு இருக்கான். அவனுக்கு வயசே ஆகல. நான் இந்த இடுப்ப வச்சுக்கிட்டு அங்க எறங்கித் தத்தளிச்சேன்னு வையி, அவ்வளவுதான், அவன் முங்கிடுவான். அப்புறம் அவங்களுக்கும் இருக்க மாட்டான், எனக்கும் இருக்க மாட்டான்."

இத்தனை வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அவர் விட்ட சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"எல்லார் மனசுலயும் நீந்துறீங்க. சரி. என் மனசுல யாரு நீந்துறா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து தண்ணிய ரொப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். காலியாவே கெடக்குங்க."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் அன்றைக்குச் சத்தமாகத் தேய்பட்டன.

அவர் பின்னாலேயே வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து. "தண்ணி மாத்துற நாள் எப்போ?" என்றார் கதவோரம் நின்று.

வருடத்துக்கு ஒரு முறை குளத்தைக் காலி செய்து கழுவிப் புதுத் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் நிறைந்த மறுநாள் மருந்து கலந்து தெளிய விடுவார்கள், யாருக்கும் அனுமதி இல்லை. அன்றைக்குப் போகலாம் என்றார் அவர். பம்ப் ஆப்பரேட்டரிடம் அவள் சாவி கேட்டாள். எதற்கு என்றுகூட அந்த மனிதர் கேட்கவில்லை. மருந்து தெளிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிச் சாவியை நீட்டினார். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மத்தியான வெயில். குளத்து வாசலில் 'இன்று விடுமுறை' பலகை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் வந்தார், நின்றார், திரும்பினார்.

"நீ ஜன்னல்ல உக்காந்துக்கம்மா."

"எதுக்கு?"

"யாராச்சும் வந்தா திருப்பி அனுப்பணும்ல."

"பலகதான் தொங்குதே."

"உள்ள வராத" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீயும் பாக்க வேணாம். ஊர்க்காரங்க சொல்லிச் சொல்லி நீ கேட்டு வச்சிருக்கியே, அது அப்படியே இருக்கட்டும்."

அடப் பாவி மனிதரே என்று நமக்குத்தான் வாயில் வருகிறது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த இடுப்பு தண்ணீரில் இறங்கியாக வேண்டும், இப்போது சண்டை போட்டால் துண்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். "சரி, பாத்து எறங்குங்க. படி வழுக்கும்" என்றாள். கூண்டுக்குள் போய்ச் சுழல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கதவு மூடிக்கொண்டது. ஈரத் தரையில் வெறுங்கால் சத்தம். படியின் கம்பி கிணுங்கியது. தண்ணீர் மெல்ல விலகிக் கரையில் மோதியது. இறங்கிவிட்டார்! அவள் விசிறியை நிறுத்தினாள். முதலில் நடக்கிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. அப்புறம் ஒரு கை, இன்னொரு கை. பெரியவர்கள் சொன்னது உண்மைதான். சத்தம் அதிகம் இல்லை. கையைத் தண்ணீரில் வைக்கிற சத்தம் மட்டும், நடுநடுவே கொஞ்சம் நிதானித்து, மறுபடி வந்தது.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அவள் ஆயுசு முழுக்கக் கேட்டது நடந்துகொண்டிருக்கிறது. அவளோ பூட்டின வாசலுக்குக் காவல். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. யாராவது வந்து தொலைத்தால் திருப்பி அனுப்புகிற வேலையாவது இருக்கும். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சத்தம் நின்றது.

காத்திருந்தாள். வரவில்லை. ஒரு இருமல் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. சொன்ன சொல்லாவது ஒன்றாவது! நாற்காலி சுழன்று சுவரில் இடித்தது, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மூழ்கவில்லை. ஓரத்து லேனில், சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். காது தண்ணீருக்குள், கண் கூரையில். அவள் வந்தது தெரியவில்லை. தலைக்குப் பின்னால் நீட்டிய வலது கை எதையோ தேடித் தேடித் துழாவிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. மேலே கொடிக் கயிறு. கொடியைத் தாண்டி அவர் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கொடியைப் பார்த்திருக்கிறார், எண்ணியிருக்கிறார். பழைய கணக்கு. மெடல் வாங்கின அந்த இளவயசுக்காரனுடைய கைக்குச் சரியாக இருந்த கணக்கு. எண்ணி முடித்துச் சுவரைத் தொட நீட்டியிருக்கிறார். சுவர் இல்லை.

'இன்னும் வரணுங்க, இன்னும் கொஞ்சம்தான்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தூணோரமாக ஒதுங்கி நின்றாள். போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் நகரவில்லை.

அவர் துழாவுவதை நிறுத்தினார். கை தண்ணீரில் படிந்தது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தார். பிறகு இடது கை எழுந்தது. மெதுவாக, மேலே, இன்னும் மேலே. தோளின் தொய்ந்த தோலிலிருந்து தண்ணீர் வடிந்தது. சுண்டுவிரல் முன்னால் போகத் தலைக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கியது. அப்புறம் வலது. அந்தக் கோணல் விரலின் நுனியில் ஒரு சொட்டு நின்று, மின்னி, விழுந்தது. இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது, உடம்பு கயிற்றை உரசியது, ஆனாலும் கை மட்டும் தண்ணீருக்கு நோகாமல்தான் போயிற்று. அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தானா! அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுவது தனக்கே தெரியாமல் அழுதாள். எண்ணி எண்ணி அவர் வந்தார், கடைசியில் விரல் சுவரில் பட்டது. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே மூச்சு வாங்கினார். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கூண்டுக்கு ஓடினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல."

"நீ?"

"நான் எங்க வந்தேன்? நீங்கதான் வராதன்னு சொல்லிட்டீங்களே."

"அதானே" என்றார். சொன்னவர் முகம் ஏனோ சுருங்கிவிட்டது. "நான் என்னமோ... சரி, விடு. நீ ஒரு தடவையாவது எட்டிப் பாப்பேன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க வழி தெரியாமல் கதவைப் பூட்டினாள். இரண்டு பேரும் மர நிழல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். போகும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனவர், வரும்போது அவ்வப்போதுதான் பிடித்தார்.

பேக்கரி திருப்பத்தில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். "செவுத்தக் கொஞ்சம் தள்ளிக் கட்டிட்டானுங்க போலிருக்கு."

"செவுரு அங்கயேதான் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு கை போட்டிருக்கணும் நீங்க" என்றாள் அவள், பழக்க தோஷத்தில், வீட்டில் அவர் எதைத் தேடினாலும் எடுத்துக் கொடுக்கிற அதே குரலில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நின்றுவிட்டார்.

"பாத்துட்ட."

"சத்தம் நின்னுடுச்சு. பயந்துட்டேன். அதான்..." என்று இழுத்தாள். பிறகு, இனி என்ன இருக்கிறது என்று நிமிர்ந்தாள். "ஆமா, பாத்துட்டேன்."

பேக்கரிக்குள்ளிருந்து ரொட்டி வாசனை வந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. அவர் அந்த சைக்கிளையே பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் கடைசியில். ஊர் முழுக்கப் புகழ்ந்து காது புளித்துப் போனவர், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி கேட்டார்.

அவள் யோசித்தாள். ஊர் சொன்னது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எதை எடுத்துச் சொன்னாலும் பொருந்தியிருக்கும். எதையும் எடுக்கவில்லை.

"நாளைக்கும் பாக்கணும் போல இருக்குங்க" என்றாள்.

அவர் 'ஆகட்டும்' என்றுகூடச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டிலும் அந்தப் பேச்சு எழவில்லை. விடிந்தால் பலகையை எடுத்துவிடுவார்கள், ஊர் முழுக்கக் குளத்துக்கு வந்துவிடும், அப்புறம் அடுத்த வருடம் தண்ணீர் மாற்றுகிற வரைக்கும்தான், அதற்குள் இடுப்பு என்ன ஆகுமோ என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். பார்த்த பிறகுதான் ஆசை அதிகமாகிவிட்டது. முன்பாவது எதற்கு ஏங்குகிறோம் என்று தெரியாமல் ஏங்கினாள். இப்போது அந்தக் கை எப்படி எழும் என்று தெரியும்.

மறுநாள் புதுத் தண்ணீர் என்று கூட்டம் அலைமோதியது. கைக்குப் பின் கையாக ஓட்டைக்குள் நுழைந்துகொண்டே இருந்தது. டீச்சரின் கை, மோதிரம் இல்லாமல். பல் வைத்தியரின் மருந்து வாசனைக் கை. மாவு ஒட்டிய பேக்கரிக்காரரின் கை. "என்னக்கா, தண்ணி ஜோரா இருக்காமே?" என்று குரல். "போயிப் பாருங்க" என்றாள். சிரிக்க முடியவில்லை. டிக்கெட்டைக் கிழிப்பதும் கொடுப்பதுமாகக் குனிந்தே இருந்தாள்.

இன்னொரு கை வந்தது. சில்லறையை மேஜையில் வைத்தது. நடுவிரல் கோணல்.

சாப்பாட்டு டப்பா இல்லை. அதற்கு இன்னும் நேரமும் ஆகவில்லை. வெளியே வரிசையில் சலசலப்பு அடங்கி, எல்லோரும் ஒரே சமயத்தில் பேசாமல் போனது அவளுக்குக் கேட்டது.

அவள் அந்தச் சில்லறையைப் பார்த்தாள். முழு டிக்கெட்டுக்குப் போதாது.

"ஒரு அரை டிக்கெட் குடும்மா" என்றது குரல். "அறுபது தாண்டியாச்சு."

அவளுக்கு டிக்கெட் கட்டு கண்ணில் தெரியவில்லை. தடவித் தடவி ஒன்றைக் கிழித்து அந்தக் கையில் வைத்தாள். கை உடனே போகவில்லை.

"நாற்காலியத் திருப்பிப் போட்டுக்க" என்றார். "கதவத் தெறந்தே வைக்கச் சொல்லிட்டேன்."